வார்னிஷ் வாடை

ரப்பர் குழாய் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி இரண்டாக ஒடிந்து அவன் கையோடு வந்துவிட்டது. சுந்தரபாண்டி முதலில் குழாயைத்தான் பார்த்தான். அதற்குள் மோட்டார் சைக்கிள் டாங்கியின் அடியிலிருந்து கறுத்த டீத்தண்ணி நிறத்தில் கம்பி கனத்துக்கு ஒரு ஒழுக்கு இறங்கி, அவன் முழங்கையை நனைத்து, வேட்டியை நனைத்து, செங்கல் பாவிய தரையில் ஓடத் தொடங்கியிருந்தது. பெட்ரோலை அடைக்கிற திருகைத் திருப்பினான். திருகு திரும்பியது, ஒழுக்கு நிற்கவில்லை. உள்ளே இருந்த கார்க் மூன்று வருஷத்தில் சுருங்கிப் போயிருக்க வேண்டும். கட்டை விரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தான்.

அப்போதுதான் வாடை ஏறியது.

பெட்ரோல் வாடையாக இருந்தால் அவன் பயந்திருக்க மாட்டான். இது வேறு. புளித்து, மூக்கின் அடியைச் சுரண்டி, தொண்டையில் பிசினாக ஒட்டிக்கொள்கிற வாடை. கண்ணை மூடிக்கொண்டு மோந்தால் எவனும் வார்னிஷ் என்றுதான் சொல்வான். சுந்தரபாண்டி கண்ணைத் திறந்துகொண்டே அப்படி நினைத்தான். அவன் நாக்கு ஊறியது. ஊறியது தெரிந்ததும் எச்சிலைத் துப்பினான்.

காலை ஏழு மணி. பகல் ஒரு மணி பஸ்ஸில் அவன் பெண்டாட்டி உலகம்மை வருகிறாள்.

அறுபத்தொன்றாம் வருஷம் அது. மதுவிலக்கு அமலில் இருந்தது. சாராயம் கிடைத்தவன் சாராயம் குடித்தான். கிடைக்காதவன் மர சாமான்களுக்குப் பூசுகிற வார்னிஷைக் குடித்தான். தென்காசிப் பக்கத்தில் கட்டிலும் பெட்டியும் செய்கிற பட்டறைகள் நிறைய. சுந்தரபாண்டி அப்படி ஒரு பட்டறையில் மேஸ்திரியாக இருந்தவன். வாயில் அந்த வாடையோடு ஒருவன் தெருவில் நடந்தால் நாலு வீடு தள்ளியே ஜன்னல் சாத்துவார்கள். அவனுக்காகவும் சாத்தியிருக்கிறார்கள்.

உலகம்மை எழுதியிருந்த கார்டு சனிக்கிழமை வந்தது. “வியாழக்கிழமை ஒரு மணி பஸ்ஸில் அண்ணனோடு வருகிறேன். வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். சரியாக இருந்தால் திங்கட்கிழமை முத்துவடிவைத் தென்காசியில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். நான் வரும்போது அந்த வண்டி அங்கே இருக்கக்கூடாது.” அவ்வளவுதான். நலம் விசாரிக்கவில்லை. அவன் அந்த நாலு வரியையும் படித்துப் படித்து, ஈரக்கை பட்டு மை கலங்கிப் போயிருந்தது.

கார்டு வந்த அன்றே வண்டியை வெளியே தள்ளியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகுமுன் பக்கத்து அறையின் பூட்டில் கையை வைப்பான். வைத்துவிட்டு எடுத்துவிடுவான். அந்த அறையைப் பூட்டி மூன்று வருஷம். பூட்டிய அன்று என்ன நினைத்துப் பூட்டினானோ, திறந்தால் அதுவும் வெளியே வந்துவிடும் என்று ஒரு பயம். அது மடத்தனம் என்று அவனுக்கே தெரியும். தெரிந்துகொண்டே ஐந்து நாளைக் கடத்திவிட்டு, அவள் வருகிற அன்று காலையில் திறந்தான். வண்டியை நகர்த்தும்போது பிடித்த குழாய்தான் கையோடு வந்தது.

விரலை எடுக்காமல் இடது கையால் துணி சோப்பு ஒரு துண்டு எட்டி எடுத்து, பிசைந்து, ஓட்டையில் திணித்தான். ஒழுக்கு நின்றது. தரையில் ஒரு பாயளவுக்குக் கறுப்பாக ஈரம். வாளியை எடுத்துவந்து இரண்டு வாளித் தண்ணீரை விசிறி அடித்தான். ஜன்னலைத் திறந்தான். அது மேற்கு பார்த்த ஜன்னல். அருவிப் பக்கமிருந்து வருகிற காற்று, சாரலையும் சேர்த்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, அறையில் இருந்த வாடையை அள்ளிக்கொண்டு முன்கூடமான பட்டாசாலைக்குள்ளும் அடுக்களைக்குள்ளும் போட்டது. அவசரமாகச் சாத்தினான்.

கொல்லையில் குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. கோமதியம்மாள். பக்கத்து வீட்டுக்காரி. மேலகரத்தில் அந்தத் தெருவில் நடப்பது எதுவும் அவள் மூக்கைத் தாண்டிப் போகாது.

“ஏய்யா சுந்தரபாண்டி, இன்னைக்கு உலகம்மை வாராளாமே?”

“ஆமா மைனி.”

“வரட்டும் வரட்டும். எத்தனை நாளைக்குத்தான் பொறந்த வீட்டுல…” என்று தொடங்கியவள் நிறுத்தினாள். மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினாள். “என்னய்யா வாடை?”

“வண்டியில கெடந்த பழைய பெட்ரோலு மைனி. கொட்டிட்டு.”

கோமதியம்மாள் வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். “எங்க வீட்டு ஆளு பதினாறு வருசம் லாரியில போனவிய. பெட்ரோல் வாடை எனக்குத் தெரியாதாக்கும்?” கொஞ்சம் நின்றாள். “நான் ஒண்ணும் சொல்லல. வாரவ மூக்கு என்ன சொல்லுதோ சொல்லட்டும்.”

அவள் போய்விட்டாள். சுந்தரபாண்டி ஈர வேட்டியோடு நின்றான்.

அவள் நம்பாததில் அவனுக்கு ஆச்சரியம் இல்லை. அவனைச் சுட்டது வேறொன்று. இதே வார்த்தையை இதே வீட்டில் எத்தனை தரம் சொல்லியிருக்கிறான்! பட்டறையிலிருந்து தள்ளாடி வந்து, உலகம்மை வாசலில் மறித்து நிற்கும்போது, “வார்னிஷ் இல்லட்டி, வண்டி பெட்ரோலு கையில பட்டுட்டு” என்பான். அது ஒரு காலத்தில் அவனுக்கு வாய்ப்பாடு மாதிரி. அவள் பதில் சொல்ல மாட்டாள், உள்ளே போய்விடுவாள். அவள் நம்பிவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொள்வான். கடைசியில் ஒருநாள் போலீஸ் பிடித்து, பத்து நாள் உள்ளே இருந்துவிட்டுத் திரும்பியபோது வீட்டில் விளக்கில்லை. அவள் மூன்று வயது மகள் முத்துவடிவைத் தூக்கிக்கொண்டு அச்சன்புதூரில் பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள்.

அன்றைக்குத்தான் வண்டியை உள்ளே தள்ளிப் பூட்டினான். பட்டாளத்தில் ஏலம் விட்ட பழைய பிஎஸ்ஏ வண்டி. செங்கோட்டை தாண்டி மலையாளத்துக் கள்ளுக்கடைக்கு அவனைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த வண்டி. டாங்கி நிறையப் பெட்ரோல் இருந்ததை நினைக்கவில்லை. பட்டறை வேலையை விட்டு, மரம் அறுக்கும் மில்லில் தடிமரங்களை அளக்கிற வேலைக்குப் போனான். அங்கே மரத்தின் வாடை மட்டும்தான். மூன்று வருஷமாக ஒரு சொட்டு தொடவில்லை. யாரிடமும் அதைச் சொன்னதும் இல்லை. சொன்னால் நம்பும்படி அவன் எதையும் மிச்சம் வைத்திருக்கவில்லை.

இன்றைக்கு உலகம்மை வாசலில் நின்று “என்ன வாடை” என்று கேட்டால், அவன் சொல்லக்கூடிய உண்மை, அவன் அன்றைக்குச் சொன்ன பொய்யேதான்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு சாரலில் நனைந்தபடி குற்றாலம் ரோட்டுக்குப் போனான்.

மெக்கானிக் பேச்சிமுத்துவின் ஷெட் ரோட்டோரத்தில், இரண்டு புளியமரத்துக்கு நடுவில் தகரம் போட்டது. சீசன் தொடங்கிவிட்டதால் ஐந்தருவிக்கு வந்த கார் ஒன்று மூக்கைத் திறந்துகொண்டு நின்றது. பேச்சிமுத்து அதற்குள் தலையை விட்டிருந்தார். சண்டைக் காலத்தில் பர்மா வரைக்கும் லாரி ஓட்டியவர். சுந்தரபாண்டி பக்கத்தில் வந்து நின்றதும் தலையை எடுக்காமலே சொன்னார்.

“எவம்லே காலங்காத்தால வார்னிஷ் போட்டுட்டு வந்து நிக்கிறவன்?”

பேச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு அடங்கியது. கிட்டே வந்து அவன் முழங்கையைப் பிடித்து மோந்தார். விரலில் தேய்த்துப் பார்த்தார்.

“ஏவே, இது பெட்ரோலுல்லா?”

சுந்தரபாண்டிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கச் சாரலைத் துடைப்பதுபோல் முகத்தைத் துடைத்தான்.

“ஆமா அண்ணாச்சி.”

“எத்தனை நாளு?”

“மூணு வருசம்.”

“அப்ப இது பெட்ரோல் இல்ல, பெட்ரோலோட பொணம். உசுரெல்லாம் மேல ஆவியாப் போயிட்டு, பிசின்தான் கீழ கெடக்கு. அதான் இந்த நாத்தம்.” கையைத் துடைத்துக்கொண்டு கார்க்காரரைப் பார்த்து, “அய்யா, ஒரு மணி நேரம் அருவியில குளிச்சிட்டு வாங்க, வண்டி எங்கயும் ஓடிராது” என்றார்.

வீட்டுக்கு வந்து அறையைப் பார்த்ததும் பேச்சிமுத்து முதலில் திட்டினார்.

“தண்ணிய ஊத்துனீராக்கும்?”

“ரெண்டு வாளி.”

“போச்சு. தண்ணிக்குள்ள இது அடங்குமாவே? மேல மெதந்துக்கிட்டு மூலைமூலையாப் போயி ஒட்டிக்கிடும். ஒரு பாய் அளவு கெடந்தத நீரு ஒரு அறை அளவு ஆக்கிட்டீரு. சரி. பொணத்த எடுத்துட்டுல்லா வீட்டக் கழுவணும்? முதல்ல வண்டி வெளிய போகட்டும்.”

டாங்கியில் மிச்சம் இருந்ததை வடித்தார்கள். வீட்டில் இருந்த தகர டப்பா துருப்பிடித்து ஒழுகியது. அடுக்களையில் கிடந்த இரண்டு கண்ணாடி பாட்டில்களில் பிடித்து, துணியால் அடைத்தார் பேச்சிமுத்து. “இத வாய்க்கால்ல ஊத்திராதீரும், கீழ மாடு குடிக்கும். அங்கன துவைகல்லுகிட்ட வையும். சாயங்காலம் நான் வந்து எடுத்துக்கிடுதேன், சங்கிலி கழுவ ஆகும்.” சாரல் படாமல் இருக்க சுந்தரபாண்டி பாட்டில்கள் மேல் ஒரு ஓலைக்கூடையைக் கவிழ்த்தான்.

பிறகு பேச்சிமுத்து சொன்னதெல்லாம் அவன் மனதில் ஆணி அடித்ததுபோல் இறங்கியது. மில்லில் இருந்து காய்ந்த மரத்தூள் கொண்டுவா. நாலு விரல் கனத்துக்குப் போடு. காலால் மிதி. குடிக்கட்டும். ஒரு மணி நேரம் கழித்துக் கூட்டி வெளியே எறி. மறுபடி போடு. அதற்கப்புறம் வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து, தென்னந்தும்பால் தேய்த்துக் கழுவு. கடைசியில் அடுப்புக்கரியை நொறுக்கி மூலைக்கு மூலை வை. துணியைத் துவைக்காதே, எறிந்துவிடு.

“தீக்குச்சி கிழிக்காதீரும். விளக்கு, பீடி, சாம்பிராணி ஒண்ணும் அந்த அறைப் பக்கம் ஆகாது. வீடு பத்திக்கிடும். பொறவு ஒண்ணு…” பேச்சிமுத்து வண்டியை வாசல்படி இறக்கிக்கொண்டே சொன்னார். “வாசனை போட்டு மூடப் பாக்காதீரும். நாத்தத்துக்குச் சட்டை தச்சுப் போட்ட மாதிரி ஆயிரும். எவன்டா உள்ள இருக்கான்னு எல்லாரும் பாப்பான்.”

“ஒரு மணிக்குள்ள போயிருமா அண்ணாச்சி?”

“ஒரு மணிக்கா? வெயிலடிச்சா ரெண்டு நாளு. இந்தச் சாரல்ல அஞ்சு நாளாவது ஆகும்.” அவன் முகத்தைப் பார்த்தார். “வாரவகிட்ட உள்ளதச் சொல்லும்வே.”

வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் தெருமுனை திரும்பும்வரை சுந்தரபாண்டி பார்த்துக்கொண்டு நின்றான். வண்டி போனது. வாடை வீட்டில் இருந்தது.

மில்லுக்கு இரண்டு நடை போனான். சைக்கிள் கேரியரில் சாக்கை வைத்து, மேலே தார்ப்பாயைக் கட்டி, நனையாமல் கொண்டுவந்தான். தூளைக் கொட்டினான், மிதித்தான். தேக்கந்தூள் கறுத்துக் கனத்துக் கட்டியானது. கூட்டி எறிந்தான். மறுபடி கொட்டினான். மணி பத்தரை. வெந்நீர் போட்டான், அடுக்களைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு. முழங்கால் போட்டு உட்கார்ந்து செங்கல் இடுக்கு ஒவ்வொன்றாகத் தேய்த்தான். கை சிவந்தது. நகக்கண் எரிந்தது. மணி பன்னிரண்டு அடிக்கும்போது எழுந்து நின்று மோந்து பார்த்தான்.

ஒன்றும் தெரியவில்லை.

வாசலுக்குப் போய் மழைக்காற்றை இழுத்துவிட்டு உள்ளே வந்து மோந்தான். அப்போதும் தெரியவில்லை. ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. பிறகு அவனுக்குப் புரிந்தது. காலையிலிருந்து அதற்குள்ளேயே கிடந்ததால் மூக்கு மரத்துப்போய்விட்டது. வாடை போய்விட்டதா, மூக்குதான் போய்விட்டதா என்று சொல்ல இந்த வீட்டில் ஆள் இல்லை. கோமதியம்மாளைக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்பதற்கு அவனுக்கு நா எழவில்லை.

குடித்த காலத்திலும் இப்படித்தான். தன் மேல் என்ன வாடை அடிக்கிறது என்று தனக்குத் தெரியாது. எதிரே வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உள்ளதைச் சொல்லும் என்றார் பேச்சிமுத்து. அவருக்கென்ன, சொல்வார். சுந்தரபாண்டி அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். ‘வார்னிஷ் இல்ல, வண்டி பெட்ரோலு.’ அவன் காதுக்கே அது பொய்யாகத்தான் கேட்டது. குரல்கூட அந்தப் பழைய குரல்.

பன்னிரண்டரைக்கு அவன் கை தானாக வேலையில் இறங்கியது. கிணற்றடியில் சந்தன சோப்பைப் போட்டு மூன்று தரம் குளித்தான். முழங்கையைச் செங்கல் துண்டால் தேய்த்தான். வெளுத்த வேட்டி கட்டினான். அறைக் கதவை இழுத்துச் சாத்தி, நிலைக்கடியில் ஈரச்சாக்கைத் திணித்தான். வீட்டின் அந்தக் கோடியில், அடுக்களையில், அடுப்புக் கங்குகளை ஒரு சட்டியில் அள்ளி இரண்டு பிடி சாம்பிராணி போட்டான். புகை பட்டாசாலை முழுக்க வந்து நின்றது. வீடு தீப்பிடித்தால் பிடிக்கட்டும் என்றுதான் அந்த நேரத்தில் இருந்தது. அஞ்சறைப்பெட்டியைத் திறந்து நாலு ஏலக்காயை வாயில் போட்டு மென்றான். அதை ஏன் செய்தான் என்று யாராவது கேட்டிருந்தால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. வாசலுக்கு வந்து நின்றான்.

ஒன்றேகாலுக்குக் குடை ஒன்று தெருவுக்குள் திரும்பியது. நல்லதம்பி குடையைப் பிடித்துக்கொண்டு, தோளில் ஒரு பலாப்பழத்தோடு வந்தான். உலகம்மைக்கு மூத்தவன், வயக்காட்டில் வேலை செய்து பாறை மாதிரி ஆன உடம்பு. அவனுக்கு ஒரு முழம் பின்னால் அவள். மெலிந்திருந்தாள். சுந்தரபாண்டி முகத்தைப் பார்க்காமல் அவள் கையில் இருந்த பையைப் பார்த்தான். சின்னத் துணிப்பை. ஒரு சேலைகூட அதில் இருக்குமா என்பது சந்தேகம். சாயங்காலம் திரும்பிப் போகிறவள் கொண்டுவருகிற பை அது.

“வாங்க மச்சான். வா… உலகு.”

“என்ன மாப்ள, நல்லாருக்கியளா?” நல்லதம்பி படியேறி மூக்கை இழுத்தான். முகம் மலர்ந்துவிட்டது. “ஏயப்பா! வீடு கோயில் கணக்கா மணக்கு! நான் என்னமோ நெனச்சிட்டு வந்தேன். ஏட்டி, பாத்தியா? வண்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல.” பலாப்பழத்தை இறக்கினான். “காலெல்லாம் சகதி. கொல்லையில தண்ணி கெடக்கா மாப்ள?” என்று உள்ளே நடந்தான்.

உலகம்மை ஒரு காலை நிலைக்கு உள்ளே வைத்தவள், மற்றதை எடுத்து வைக்கவில்லை.

சுந்தரபாண்டி காத்திருந்தான். அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காற்றை இழுத்தாள். சாம்பிராணிப் புகையைப் பார்த்தாள். அவனுடைய ஈரத்தலையைப் பார்த்தாள். நடுப்பகலில் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி நிற்கிறவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று, வரும்போது அவள் பிடித்துக்கொண்டு வந்தது, மெல்ல இறங்கிப் போனது.

“ஏலக்கா” என்றாள்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. வாயில் இருந்த சக்கையை நாக்கு தொட்டபோது விளங்கியது. அன்றைக்கெல்லாம் ஏலக்காயை மென்றுகொண்டுதான் வருவான். வந்ததும் சந்தன சோப்பு போட்டுக் குளிப்பான், சாம்பிராணி போடுவான். பெட்ரோல் என்று சொல்கிற பொய்க்கு முன்னால் செய்துகொள்கிற ஏற்பாடு அது. மூன்று வருஷம் கழித்து, ஒரு சொட்டு குடிக்காமல், அதை ஒன்று விடாமல் செய்து வைத்துவிட்டு அவள் முன்னால் நிற்கிறான்.

அவள் வெளியே இருந்த கால்மேல் பாரத்தைப் போட்டாள். திரும்பப் போகிறாள். அவன் வாயைத் திறந்தான். சொல்ல ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

“மாப்ள!”

நல்லதம்பி கொல்லைப்பக்கத்திலிருந்து வந்தான். இரண்டு கையிலும் இரண்டு பாட்டில். ஒன்றின் துணியைப் பிடுங்கி மோந்திருந்தான். முகம் கறுத்திருந்தது.

“கூடைய கவுத்தி ஒளிச்சு வச்சிருக்கீரு. ஒண்ணு இல்ல, ரெண்டு. தங்கச்சிய கூட்டிட்டு வந்து, பிள்ளைய கூட்டிட்டு வாரதுக்கு நாள் பாத்துட்டு இருந்தேனே, நான் மடப்பய! என்ன எழவுவே இது?”

“மச்சான்… அது பெட்ரோலு.”

சொல்லிவிட்டான். உலகம்மை கண்ணை மூடித் திறந்தாள்.

நல்லதம்பி பாட்டில்களைக் கீழே வைத்துவிட்டு அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்தான். “என் மூக்குல என்ன மண்ணா இருக்கு? எங்க ஊர்ல மூணு பேரு இதக் குடிச்சுக் கண்ணு அவிஞ்சு கெடக்கானுவ. எனக்குத் தெரியாதா வார்னிஷ் வாடை? பெட்ரோலாம்லா! இன்னும் அதே பெட்ரோலு!” அவனைச் சுவரோடு சாய்த்தான். சுந்தரபாண்டி கையைத் தூக்கவில்லை. அடி விழுந்தால் நல்லது என்றுகூட இருந்தது.

“அண்ணே. கைய எடு.”

உலகம்மை உள்ளே வந்திருந்தாள். இரண்டு காலும் நிலைக்கு இந்தப் பக்கம். பையைத் தரையில் வைத்தாள். ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ஒரு சொம்புல தண்ணி கொண்டா அண்ணே.”

“எதுக்கு? இவன் மூஞ்சியில ஊத்தவா?”

“கொண்டா.”

நல்லதம்பி முனகிக்கொண்டே போய்க் கொண்டுவந்தான். அவள் நடுப் பட்டாசாலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சொம்புத் தண்ணீரை ஒரு அகலப் பாத்திரத்தில் கவிழ்த்தாள். பாட்டிலைச் சாய்த்து ஒரு விரல் அளவு ஊற்றினாள். இந்த வேலையைப் பலதரம் செய்த கை அது.

மூன்று பேரும் பாத்திரத்தைப் பார்த்தார்கள். சுந்தரபாண்டி எதற்குக் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் காத்திருந்தான். ஊற்றியது அடியில் போகவில்லை, கலக்கவும் இல்லை. தண்ணீருக்கு மேலே தனியாக மிதந்து, ஓரத்தில் புறாக்கழுத்து மாதிரி நிறம் நிறமாக விரிந்தது. அவள் விரலை விட்டுக் கலக்கினாள். உருண்டை உருண்டையாக உடைந்து மறுபடியும் மேலே வந்து சேர்ந்துகொண்டது.

உலகம்மை பாத்திரத்தை ஒருதரம் சாய்த்து ஓரத்தைப் பார்த்தாள்.

“வெளுக்கல” என்றாள்.

“என்னட்டி வெளுக்கல?” என்றான் நல்லதம்பி.

“வார்னிஷ்னா தண்ணி பட்டதும் பாலா வெளுத்துரும் அண்ணே. கழனித்தண்ணி மாதிரி ஆயிரும்.” அவள் சுந்தரபாண்டியைப் பார்க்காமல் பேசினாள். “இவிய தூங்குன பொறவு ஒளிச்சு வச்சிருக்கதத் தேடி எடுத்து, தண்ணிய ஊத்தி வைப்பேன். வெளுத்துப்போயி, குடிக்க ஆகாது. மறுநாளு எந்திரிச்சு, கடைக்காரன் கலப்படம் பண்ணுதான், கலப்படம் பண்ணுதான்னு தெருவுல நின்னு சத்தம் போடுவாவ.”

சுந்தரபாண்டி அந்தக் கடைக்காரனோடு ஒருநாள் கட்டிப் புரண்டு சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது. சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். அப்படியானால் அவள் ஒருநாளும் நம்பவில்லை. அவன் பெட்ரோல் என்று சொன்ன ஒவ்வொரு ராத்திரியும் அவளுக்கு நிஜம் தெரிந்திருக்கிறது.

நல்லதம்பி பாத்திரத்தை எட்டிப் பார்த்தான். மோந்தான். தலையைச் சொறிந்தான். “அப்ப நெசமாவே பெட்ரோலுதானாவே? இந்த நாத்தம் நாறுது!” அவன் சிரிக்கப் பார்த்தான். மற்ற இருவரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான்.

“பொறவு எதுக்கு ஏலக்கா?” என்றாள் உலகம்மை.

அதற்கு எந்தப் பாத்திரத்திலும் பதில் இல்லை. அவனே சொல்ல வேண்டும். சுந்தரபாண்டி கையை விரித்து, தேய்த்துச் சிவந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பெட்ரோலுன்னு சொன்னா நீ நம்பமாட்டேன்னு.”

“நம்பமாட்டேன்தான்” என்றாள்.

அவள் பாத்திரத்தைச் சுவரோரம் நகர்த்தினாள்.

“சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். ஆனா வாசல்லயிருந்தே திரும்பியும் போயிருக்க மாட்டேன்.” எழுந்தாள். “அந்தச் சாம்பிராணியத் தூக்கி வெளிய போடுங்க. வாயக் கொப்பளிங்க. அந்த ஏலக்கா எனக்கு கொமட்டுது.”

அவன் கங்குச் சட்டியைத் தூக்கிக் கொல்லையில் மழையில் வைத்தான். அது சீறி அணைந்தது. வாயைக் கொப்பளித்தான், நாலு தரம். திரும்பி வரும்போது அவள் பக்கத்து அறையின் கதவைத் திறந்து, நிலையடிச் சாக்கை எடுத்துப் போட்டுவிட்டு, உள்ளே போய் மேற்கு ஜன்னலையும் திறந்துவிட்டிருந்தாள். காற்று வந்தது. பன்னிரண்டு மணியிலிருந்து அவன் மூக்குக்குத் தெரியாமல் இருந்த வாடை, நனைந்த மரத்தூள் வாடையும் கலந்து, பட்டாசாலை முழுக்க வந்து நின்றது. நல்லதம்பி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

“ஏட்டி, நாலு மணி பஸ்ஸு!” என்று அங்கிருந்தே சத்தம் கொடுத்தான். “வாரியா, இல்லையா?”

உலகம்மை அறையின் நடுவில், வண்டி நின்ற இடத்தில் நின்று, கால் பெருவிரலால் ஒரு செங்கல் இடுக்கை அழுத்திப் பார்த்தாள். ஈரம் கசிந்தது. சுந்தரபாண்டி நிலைப்படியில் நின்றான். உள்ளே வரலாமா என்று தெரியவில்லை. சுவரைத் தாண்டி கோமதியம்மாள் வீட்டு ஜன்னல் படாரென்று சாத்துகிற சத்தம் கேட்டது.

“சாத்தட்டும்” என்றாள் உலகம்மை. பிறகு வாசலைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். “நீ போ அண்ணே. திங்கக்கிழமை வரைக்கும் பிள்ளைய அங்கனயே வச்சிரு. இந்த நாத்தத்துல அவள கொண்டாந்தா தலைவலிதான் வரும்.”

“திங்கக்கிழமை கூட்டிட்டு வரவா, வேண்டாமா? தெளிவாச் சொல்லு.”

அவள் சுந்தரபாண்டியைப் பார்த்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் கண்ணைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சமாதானம் ஒன்றும் இல்லை. ஒரு வேலையை ஏற்கலாமா என்று தடிமரத்தைச் சுற்றிவந்து பார்க்கிறவனின் பார்வை மாதிரி இருந்தது.

“திங்கக்கிழமை காலையில நீ வா” என்றாள் அண்ணனிடம். “பிள்ளையோட வா. வாசல்ல நின்னு மோந்து பாரு. பொறவு பேசிக்கிடுவோம்.”

நல்லதம்பி குடையை விரித்துக்கொண்டு போனான். அவள் சேலையை இடுப்பில் தூக்கிச் செருகினாள். தென்னந்தும்பை எடுத்துப் பார்த்தாள். தேய்ந்து மொட்டையாகிப் போயிருந்தது.

“மில்லுல இன்னும் ரெண்டு சாக்கு மரத்தூளு கெடைக்குமா?”

“கெடைக்கும்” என்றான் சுந்தரபாண்டி. சைக்கிளை எடுக்கப் போனான். படியிறங்கும்போது, அவள் தன் பின்னால் ஒருதரம் காற்றை இழுப்பது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.